யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது?



மாலை வேளையில் ஓய்வு பெற்றோர் நால்வர் ஒன்று கூடினால் பேச்சு எங்கெங்கோ சுற்றி இறுதியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள், உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?" என்பார் ஒருவர். "அந்த உண்மையான ஏழையைக் கண்டுபிடிப்பது யார்?" என்று கேட்பார் மற்றவர். இவ்விரு கேள்விகளுக்கிடையேதான் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பொதுமக்கள் கருத்து ஊசலாடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் நிபந்தனைகளை இறுக்குக என்கிறது. மறு காலத்தில் தளர்த்துக என்கிறது.

இது பொருளாதார அறிஞர்களும் அரசியலாரும் மட்டுமே ஆராய வேண்டிய செய்தி என்று நாம் கருதவில்லை. கொடுத்தலும் மறுத்தலும் அறத்தின்பாற்பட்டவை. கொடைக்கு இலக்கணம் வகுத்த சமயத்தில் பிறந்த நாம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, நாம் செய்த ஒரு பிழையிலிருந்தே இதனைத் தொடங்குகிறோம்.

பட்டியல் எழுதிய கை

ஆசிரியப் பயிற்சி முடித்து, அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் நாம் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அஃது ஏழைப் பிள்ளைகளுக்கானது. 'கேர்' நிறுவனம் அனுப்பிய கோதுமையும் எண்ணெயும் வரும். பெரிய அண்டாவில் உப்புமா கிளறுவார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு வாராது. ஆகவே வகுப்புக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்து, "ஏழைகள் யார் என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள்" என்பார் தலைமையாசிரியர்.

மூன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கிடைத்த இடங்கள் பதினைந்து. நாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். கிழிந்த சட்டை, எண்ணெய் காணாத தலை, பொத்தான் இல்லாத கால்சட்டை ஆகியவற்றைக் கண்டு பெயர்களை எழுதினோம். ஒரு சிறுமி நாள்தோறும் தலை வாரிப் பின்னி, வெளுத்த பாவாடையோடு வருவாள். அவள் பெயருக்கு நேரே "தேவையில்லை" என்று குறித்தோம். நண்பகல் மணி அடித்ததும் "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிப் போவாள். அடுத்த மணி அடிப்பதற்கு முன் வந்துவிடுவாள்.

மூன்று திங்கள் கழித்து ஒரு நாள் ஏரிக்கரை வழியே செல்ல நேர்ந்தது. புங்க மரத்தடியில் அவள் தனியே உட்கார்ந்து கூழாங்கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தாய் நடவுக்குப் போயிருந்தாள். அந்தி சாயும்வரை அவ்வீட்டில் அடுப்பு எரியாது. "ஏனம்மா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "கேட்டா எல்லாரும் பாப்பாங்க டீச்சர்" என்றாள்.

உடனே தலைமையாசிரியரிடம் சென்று அவள் பெயரைச் சேர்க்க வேண்டினோம். அவர் இரக்கமுள்ளவரே. ஆயினும், "ஒரு பெயரைச் சேர்த்தால் ஒரு பெயரை அடிக்க வேண்டுமே அம்மா" என்றார். அவ்வாண்டு ஏர்மாடு வாங்கியிருந்த ஒருவரின் மகன் பெயரை அடித்தோம். அந்த மாடு கடனில் வந்தது என்பதை நாம் விசாரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அப்பையன் பள்ளிக்கு வருவது குறைந்தது. நாம் ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றைச் செய்தோமா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கிற்று. வறுமையைக் கண்ணால் பார்த்து அளந்துவிடலாம் என்று நினைத்தது நம் அறியாமை. அத்தாய் தன் மகளின் பாவாடையை வெளுத்து அனுப்பியது மானத்தைக் காக்க. அம்மானத்தையே நாம் வசதி என்று பட்டியலில் எழுதிவிட்டோம்.

பின்னர் 1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிற்று. பள்ளிக்கு வரும் பிள்ளை எவராயினும் உண்ணலாம் என்றாயிற்று. முதலில் கிராமங்களிலும், அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களிலும், 1984-இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. அப்போது குறை கூறியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. "அரிசி மண்டி வைத்திருப்பவர் மகனுக்கும் அரசாங்கச் சோறா?" என்று ஆசிரியர் அறையில் பேசினோம். சில வாரங்களில் நாம் கண்டது வேறு. மண்டிக்காரர் மகன் புதுமை தீர்ந்ததும் வீட்டுச் சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டான். வேண்டியவர்கள் தட்டோடு வந்தார்கள். வேண்டாதவர்கள் தாமே விலகினார்கள். யாருக்கும் பட்டியல் தேவைப்படவில்லை. வரிசையில் நிற்பவள் ஏழையா என்று எவரும் கேட்கவில்லை. பின்னாளில் உணவில் முட்டை சேர்ந்தபோது, முட்டை உண்ணாப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தர வழி செய்யப்பட்டது. விதியைச் சற்றே நெகிழ்த்தினால் எத்தனை பேர் பந்தியில் அமரலாம் என்பதை நம் சமூகத்துப் பிள்ளைகள் வாயிலாகவே நாம் அறிந்தோம்.

இரு வகைப் பிழைகள்

கொடுப்பதில் இரண்டு பிழைகள் நேரக்கூடும். தேவையில்லாதவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. தேவையுள்ளவருக்கு மறுத்துவிடுவது மற்றொன்று. நிபந்தனைகளை இறுக்கினால் முதற்பிழை குறையும், இரண்டாவது பெருகும். தளர்த்தினால் இரண்டாவது குறையும்; முதலாவது பெருகும். இரண்டையும் முற்றிலும் ஒழிக்கும் விதியை எந்த நாடும் இதுவரை இயற்றியதில்லை. ஆகவே பொதுமக்கள் உண்மையில் விடை கூற வேண்டிய கேள்வி, எப்பிழையை நாம் பொறுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதே.

நம் நாட்டுப் பொது விநியோக முறை இதற்குத் தக்க சான்று. 1997-ஆம் ஆண்டு மைய அரசு குடும்பங்களை வறுமைக் கோட்டிற்குக் கீழ், மேல் என இரண்டாகப் பிரித்து, கீழுள்ளோர்க்கே மலிவு விலைத் தானியம் என்னும் முறையைக் கொணர்ந்தது. நோக்கம் நல்லதே, இருக்கும் பொருள் ஏழைக்கே செல்ல வேண்டும் என்பதுதான். விளைவு என்னாயிற்று? 2004-05-ஆம் ஆண்டைய தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களை ஆராய்ந்தோர், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் ஏழை என்பதற்குரிய அட்டை இல்லை என்று கண்டனர். தமிழ்நாடோ அப்பிரிவினையை ஏற்காது, அரிசி வேண்டுவோர் எவராயினும் வாங்கலாம் என்ற பழைய முறையையே தொடர்ந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் இங்கே அரிசி வழங்கப்பட்டது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணைந்தபோதும் எல்லோர்க்கும் என்ற கொள்கையை மாநிலம் விடவில்லை.

இதனால் முதற்பிழை இங்கே இல்லாமற் போகவில்லை. கடை அரிசியை வாங்கிக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவோரைக் கண்டிருக்கிறோம். மூட்டை மூட்டையாக எல்லை கடத்துவோர் பிடிபடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். இவற்றை நியாயப்படுத்த முடியாது. ஆனால் மாட்டுத் தொட்டியில் விழும் அரிசி நம் கண்ணுக்குத் தெரிகிறது. புங்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தெரிவதில்லை. முதற்பிழையைப் பற்றி ஊர் பேசுகிறது. இரண்டாம் பிழைக்கு ஆளானவர் வாய் திறப்பதே இல்லை. பொதுக் கருத்து பெரும்பாலும் இறுக்கத்தின் பக்கம் சாய்வதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டுச் சட்டம், உதவி பெறுவோன் நிலை மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையினும் கீழாகவே இருத்தல் வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. உதவி வேண்டுவோர் தொழிற்கூடம் எனப்பட்ட கடுமையான விடுதிக்குள் புக வேண்டும். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். நம் காலத்திலும், 2017 ஏப்ரல் முதல், ஒரு குடும்பத்தில் முதலிரண்டு பிள்ளைகளுக்கே உதவித்தொகை என்று அந்நாட்டில் விதி செய்தனர். கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலோர் அவ்விதியை ஆதரித்தே வந்தனர். உழைத்து வாழும் குடும்பம் தன் வருவாய்க்கேற்பப் பிள்ளை பெறும்போது பிறரும் அவ்வாறே செய்யட்டும் என்பது அவர்கள் வாதம். எனினும் மூன்றாவதாகப் பிறந்த பிள்ளை எவ்விதியையும் மீறவில்லை என்ற எதிர்க்குரல் ஓயவில்லை. 2026 ஏப்ரல் முதல் அவ்விதியை நீக்குவதென 2025 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. பெரும்பான்மையோர் கருத்து ஒன்றாக இருப்பதாலேயே அஃது அறமாகிவிடாது; அதனை அலட்சியம் செய்யவும் இயலாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மகனை மறுத்த தாய்

இறுக்கமான விதி உண்மைக்கும் ஊறு செய்யக் கூடும். நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டிலேயே மாதம் இருபது ரூபாயாகத் தொடங்கிற்று. 2011-இல் ஆயிரமாகவும், 2023-இல் ஆயிரத்து இருநூறாகவும் அது உயர்ந்தது. தொடக்க காலந்தொட்டு நெடுநாள், ஆதரிக்கத்தக்க வயது வந்த மகன் இருத்தலாகாது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நம் தெருவில் இட்லி சுட்டு விற்று, கண் மங்கியபின் அதுவும் இயலாமற் போன ஒரு பாட்டி இருந்தார். மகன் உண்டு, வெளியூரில் தன் குடும்பத்தோடு இருந்தான், எட்டிப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் எழுதித் தருமாறு நம்மிடம் வந்தார். "மகன் இருக்கிறானா?" என்ற இடத்தில் நம் பேனா நின்றது. அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "இல்லேன்னே எழுதிடும்மா" என்றார். சொல்லி முடித்ததும் அழுதார்.

நாம் அதனை எழுதவில்லை. மகன் உண்டு, ஆதரிப்பதில்லை என்று உள்ளதையே எழுதினோம். விண்ணப்பம் திரும்பி வந்தது. பொய் எழுதியிருந்தால் அவருக்கு மாதந்தோறும் பணம் வந்திருக்கும். சத்திய விரதத்தைக் காத்தது நாம். அதற்கு விலை கொடுத்தது அவர். பிறகு நாம் மூவர் சேர்ந்து அவர் உணவுக்கு ஓர் ஏற்பாடு செய்தோம் என்பது நமக்கு முழு ஆறுதல் தரவில்லை. வாழும் மகனை இல்லை என்று தாயைச் சொல்லச் செய்யும் விதி, ஏமாற்றுவோரை எந்த அளவுக்குத் தடுத்ததோ அறியோம். உண்மை பேசுவோரைத் தண்டித்ததை நேரிலேயே கண்டோம்.

இறுக்க வேண்டும் என்போர் வாதம்

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை. அரசின் பொருள் வற்றாத சுனையன்று. வேண்டாதவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்கோ பள்ளிக் கட்டடத்திற்கோ சேராமற் போகிறது. உழைப்பவன் வரி செலுத்த, உழைக்காதவன் உண்டால், உழைப்பின் மதிப்புக் குன்றும். கைநீட்டிப் பழகிய கை தொழில் பழகாது. இவை வெறுப்பினால் எழுந்த சொற்கள் அல்ல, இவற்றில் பொருளுண்டு.

ஆனால் இரண்டு செய்திகளை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வரி செலுத்துவோர் வேறு, உதவி பெறுவோர் வேறு என்பது தவறான எண்ணம். வருமான வரி செலுத்துவோர் சிலரே. ஆனால் சோப்பும் பற்பசையும் வாங்கும் கூலித் தொழிலாளியும் அவற்றின் விலையோடு வரியைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். மற்றொன்று, நாம் பெறுவதை நாம் உதவி என்று எண்ணுவதில்லை. மாதந்தோறும் முதல் வாரத்தில் நமக்கு ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது. அது பணி செய்து ஈட்டிய உரிமைதான். ஆயினும் வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட பெண்ணுக்கு அப்படியோர் உரிமையை எவரும் எழுதி வைக்கவில்லை. அவள் உழைக்காதவளும் அல்லள். 2014-இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டபின், உதவித்தொகைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் வருமானச் சான்றிதழோடு விண்ணப்பித்தார்கள். வருமான வரம்புக்குச் சில ஆயிரம் மேலே நின்ற குடும்பங்கள் பட்ட மனத்தாங்கலை நாம் அறிவோம். வரம்பு என்பது எங்கே கிழித்தாலும் கோட்டின் மறுபுறம் ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

2023 செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எண்ணிப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என நிபந்தனைகள் வகுத்தனர். ஒரு கோடியே அறுபத்து மூன்று லட்சம் பேர் விண்ணப்பித்தனர். ஒரு கோடியே ஆறு லட்சம் பேர் முதலில் ஏற்கப்பட்டனர். எல்லோர்க்கும் கொடுப்பதா என்று கேட்ட குரலும், எனக்கு ஏன் இல்லை என்று கேட்ட குரலும் ஒரே தெருவில் எழுந்தன. மேல்முறையீடுகளுக்கு இடமளித்தனர், பின்னர் சில நிபந்தனைகளைத் தளர்த்தி, 2025 டிசம்பரில் மேலும் பல லட்சம் பேரைச் சேர்த்தனர். இதில் நாம் கண்ட வேடிக்கை ஒன்றுண்டு. பொதுவாகப் பேசும்போது கடுமையாக இருக்க வேண்டும் என்றவர்களே, தம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் விண்ணப்பம் தள்ளப்பட்டபோது, "இவளுக்குக் கூடவா இல்லை?" என்று வெகுண்டார்கள். முகம் தெரியாத ஏழையிடம் ஐயமும், முகம் தெரிந்த ஏழையிடம் இரக்கமும் கொள்வது மனித இயல்பு போலும். கருத்துக் கேட்போர் பெரும்பாலும் முகம் தெரியாத ஏழையைப் பற்றியே கேட்கிறார்கள்.

பாத்திரமும் கருணையும்

நம் முன்னோர் இதனை ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், கொள்வோன் ஆகிய நான்கினால் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கொள்வோன் தகுதியை ஆராய்க என்பதற்கு இதனையே சிலர் சான்றாகக் காட்டுவர். ஆனால் ஜினசேனாசாரியார் தம் ஆதிபுராணத்தில் தானத்தை வகைப்படுத்துங்கால், பாத்திர தானத்தை வேறாகவும் தயா தானத்தை வேறாகவும் வைத்தார். முனிவருக்கும் விரதியருக்கும் பக்தியோடு அளிப்பது பாத்திர தானம். அங்கே தகுதி நோக்கப்படும். துன்புறும் உயிருக்கு இரங்கி அளிப்பது தயா தானம். அங்கே துன்பமே தகுதி. பசித்தவன் ஒழுக்கமுள்ளவனா என்று கேட்ட பின் சோறிடுவது, பாத்திர தானத்தின் அளவுகோலைக் கருணையின் களத்திற்குக் கொண்டுவருவதாகும். இன்றைய வாதங்கள் பலவற்றின் குழப்பம் இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

இதனால் வரம்பே வேண்டாம் என்பது பொருளன்று. இல்லறத்தார்க்குப் பரிக்கிரகப் பரிமாணம் ஓர் அணுவிரதம். 'இவ்வளவு எனக்குப் போதும்' என்று தன் உடைமைக்குத் தானே கோடு கிழித்துக்கொள்வது அது. அக்கோட்டை வேறொருவர் வந்து கிழிப்பதில்லை. அரிசி வேண்டாதோர் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று நம் மாநிலத்தில் ஏற்பாடு வந்தபோது, அதனைச் செய்தோர் இந்த விரதத்தின் ஒரு சிறு பகுதியை நிறைவேற்றினார்கள். வசதியிருந்தும் வாங்கி விற்போர் சட்டப்படித் தப்பலாம். விரதப்படித் தப்ப முடியாது. நிபந்தனை முதலில் நம் மனத்திற்கு. பிறகே பிறர் வயிற்றுக்கு.

ஆகவே நம் முடிவு இது. பிள்ளையின் உணவு, முதியோர் பிழைப்பு, நோயாளியின் மருந்து ஆகிய மூன்றிலும் நிபந்தனைகள் மிகக் குறைவாயிருத்தல் நன்று. இங்கே ஐயம் தோன்றினால் கொடுப்பதன் பக்கமே பிழை செய்வோமாக. தவறிக் கொடுத்த ஒருவேளைச் சோறு அரசின் கணக்கில் நட்டமாகும். தவறி மறுத்த ஒருவேளைச் சோறு ஒரு பிள்ளையின் உடலில் நட்டமாகும். முன்னதை ஈடு செய்யலாம். பிற உதவிகளில் வரம்பு இருக்கட்டும். ஆனால் அது கேட்பவரை நாணச் செய்யாததாகவும், பொய் சொல்லத் தூண்டாததாகவும், தவறு நேர்ந்தால் எளிதில் திருத்தத்தக்கதாகவும் இருக்கட்டும். இதற்கு மாறுபடும் அன்பர்கள் இருப்பீர்கள்; மாறுபடுங்கள். பட்டியலில் ஒரு பெயரை அடிக்கும்போது கை சற்று நடுங்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறுதியாக, நம் மகளிர்க்கும் இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்தவர்கள். படிவம் நிரப்பவும் கணினியில் பதியவும் அறிந்தவர்கள். உங்கள் தெருவில், தகுதியிருந்தும் தாளொன்று குறைவதால் தள்ளப்பட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். இவ்வாண்டில் ஒருவருக்கேனும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் எழுதுங்கள். அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். கேட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அஞ்சி அவரும் எங்கேனும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

அறம் வளர்க!